நீலப் புள்ளியும் கொட்டாங்காட்டுக்காரர்களும்

கொட்டாங்காட்டுக்காரர்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. சொன்னால் சொன்னபடி செய்வார்கள். சொன்னதற்கு மேலேயும் போக மாட்டார்கள், கீழேயும் நிற்க மாட்டார்கள். இந்தக் குணம் அரசாங்கத்துக்கு முன்பே தெரிந்திருந்தால் அந்த ஊரை எப்போதோ தலைநகரமாக ஆக்கியிருக்கும்.

அந்த ஊர்க் குடிநீர்ப் போராட்டக் குழுவின் தலைவர் வீரணன். மீசை கருப்பாக இருந்த காலத்தில் போராட்டத்தைத் தொடங்கினார். மீசை வெளுத்தது, தண்ணீர் வரவில்லை. அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. துண்டறிக்கைகளைப் படித்தே எழுத்துக் கூட்டக் கற்றவர். அதனால் கல்யாணத்துக்குக் கூப்பிட வேண்டுமென்றாலும் "அணிதிரண்டு வாரீர்" என்றுதான் அவர் வாயில் வரும்.

தோற்றுப்போன ஒவ்வொரு போராட்டமும் அவர் நெஞ்சில் ஆறாமல் கிடந்தது. உண்ணாவிரதப் பந்தலில், "யாரும் சோத்துல கை வைக்கக்கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னார். ஊரே கட்டுப்பட்டது. எல்லோரும் கரண்டியால் சாப்பிட்டார்கள். இன்னொரு முறை, "எந்த வண்டி வந்தாலும் மறிக்கணும்" என்று சாலை மறியல் அறிவித்தார். அந்தச் சாலையில் எந்த வண்டியும் வருவதில்லை. பொழுது சாயும்வரை உட்கார்ந்து பார்த்துவிட்டு, செயலாளர் ஒச்சப்பன் பக்கத்து ஊருக்குப் போய் ஒரு டிராக்டர்காரரைக் கையெடுத்துக் கும்பிட்டு அழைத்துவந்தான். முறைப்படி மறித்தார்கள். பிறகு அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். பத்திரிகையில் ஒரு வரி வரவில்லை.

இத்தனை காலமும் போராட்டக் குழு குடித்த தண்ணீரைச் சுமந்தவள் வீரணனின் மனைவி பொம்மக்காள். பக்கத்து ஊரான மேலப்பட்டிக்கு நடந்து போய், இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் குடம் கொண்டுவருவாள். ஒரு நாள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னாள்.

"இந்தாங்க, இந்த ஆடிக்குள்ள தண்ணி வரலேன்னா நான் எங்கண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். அங்க அடுப்பங்கரைக்குள்ளயே குழாய் இருக்கு. இடுப்பு இனிமே தாங்காது."

"போராட்டம் இறுதிக்கட்டத்துல இருக்கு, பொம்மக்கா."

"நம்ம கல்யாணத்துலேருந்து அது இறுதிக்கட்டத்துலதான் இருக்கு."

போலீஸ் தடிக்குப் பயப்படாத வீரணன் அந்த வார்த்தைக்குப் பயந்தார். பொம்மக்காள் வீண்பேச்சு பேசுகிறவள் அல்ல. போவேன் என்றால் போவாள்.

அந்த வருஷம் பள்ளிக்கூடச் சுவரோரம் ஒரு குழாய் நட்டார்கள். குழாய் வந்ததே தவிர அதில் தண்ணீர் வரவில்லை. பிறகு ஜெனிட்டா என்ற உதவிப் பொறியாளர் ஜீப்பில் வந்து, பள்ளிக்கூட வராந்தாவில் குழுவை உட்காரவைத்து, ஒரு கம்ப்யூட்டரைத் திறந்து காட்டினார். அதில் கொட்டாங்காடு தெரிந்தது. வானத்திலிருந்து பார்க்கிற மாதிரி, கண்மாய், பாதை, வேலிக்கருவை எல்லாம் இருந்தன.

"இது மேப். குடிநீர்னு தொட்டா நீலப் புள்ளி வரும், அது குழாய். பள்ளின்னு தொட்டா மஞ்சள் புள்ளி. ரேஷன்னு தொட்டா சிவப்பு. ஒரு வகையைத் தொட்டா மத்த வகை மறைஞ்சிரும்."

"மறைஞ்சு எங்க போகும், மேடம்?" என்று கேட்டார் வீரணன்.

"எங்கயும் போகாது. அந்த நேரத்துக்கு இருக்காது. அவ்வளவுதான்."

"யாரு தொடுவாங்க?"

"யாரு வேணாலும் தொடலாம். கலெக்டர் ஆபீஸ்லயும் தொடுவாங்க, சென்னையிலயும் தொடுவாங்க. அடுத்த வாரம் பெரிய அதிகாரி நேர்ல வர்றார். கையில மேப்பை வச்சிக்கிட்டு ஊரைச் சுத்துவார். மேப்புல இருக்கிறது தரையில இருக்கணும். மேப்புல இல்லாதது தரையில இருந்தா கேள்வி வரும். ரெண்டும் ஒத்துப் போனாத்தான் தண்ணி திறக்க உத்தரவு போடுவார். பாத்துக்கங்க."

செல்போன் வைத்திருந்த ஒரே உறுப்பினரான சீனிக்குட்டியின் போனில் அந்த மேப்பைப் போட்டுக்கொடுத்துவிட்டு ஜீப் போய்விட்டது.

ஜீப்பின் புழுதி அடங்குவதற்குள் குழு கூடியது. சீனிக்குட்டி 'குடிநீர்' என்று தொட்டான். நீலப் புள்ளி வந்தது. பள்ளிக்கூடத்தோரம் இல்லை. கண்மாய்க்கு நடுவில் இருந்தது.

கண்மாயில் தண்ணீர் கிடையாது. ஆடு மேயும். இருந்தாலும் அது கண்மாய்.

"தலைவரே, புள்ளி தப்பா இருக்கு" என்றான் சீனிக்குட்டி.

"மேப்பு எப்படிடா தப்பா இருக்கும்? வானத்துலேருந்து எடுத்தது. நாமதான் குழாயைத் தப்பா நட்டுருக்கோம்" என்றான் ஒச்சப்பன்.

"நட்டது அரசாங்கம்."

"மேப்பும் அரசாங்கம்தான். எது பெரிய அரசாங்கம்?"

எல்லோரும் வீரணனைப் பார்த்தார்கள். அவர் மீசையைத் தடவினார். "குழாய் நட்டது ஒன்றிய ஆபீசு. மேப்பு சென்னை வரைக்கும் போகுது. மேப்புதான் பெரிசு" என்று தீர்ப்புச் சொன்னார்.

மறுநாள் காலையில் ஊர் திரண்டது. அரசாங்கம் மாதக்கணக்கில் இழுத்த வேலையைக் கொட்டாங்காட்டுக்காரர்கள் கடப்பாரையோடு இறங்கிப் பொழுது சாய்வதற்குள் முடித்தார்கள். பெரிய பைப் கண்மாய்க் கரை வழியாகத்தான் வருகிறது. அதிலிருந்து கிளை எடுத்து, பள்ளம் தோண்டி, பள்ளிக்கூடத்தோரம் இருந்த குழாயைப் பிடுங்கிவந்து கண்மாய்க்கு நடுவில் ஆட்டுப் புழுக்கைகளுக்கு மத்தியில் நட்டு, சிமெண்டு போட்டு, நீலப் பெயிண்டும் அடித்தார்கள். வேலை சுத்தமாக இருந்தது. ஒரு சொட்டு ஒழுகாது. ஒழுகத் தண்ணீரும் இல்லை.

பொம்மக்காள் குடத்தோடு கரையில் நின்று பார்த்தாள்.

"மழை பெஞ்சா குழாய் முழுகிப் போகாதா?"

"மழைக்கு மேப்புல புள்ளி இல்லை, மதினி" என்றான் ஒச்சப்பன்.

அவள் மேலப்பட்டிக்கு நடந்தாள்.

அடுத்த பிரச்சினையைச் சீனிக்குட்டி கண்டுபிடித்தான். 'பள்ளி' என்று தொட்டதும் நீலப் புள்ளி மறைந்தது. அவன் வீரணனிடம் ஓடினான். "தலைவரே, குழாய் இப்ப மேப்புல இல்லை. ஆனா தரையில நிக்கிது."

குழு மறுபடி கூடியது. மேப்பில் இல்லாதது தரையில் இருந்தால் கேள்வி வரும் என்று மேடம் சொன்னது எல்லோர் காதிலும் இருந்தது. அதிகாரி பள்ளியைத் தொடும்போது குழாய் இருக்கக்கூடாது. குடிநீரைத் தொடும்போது பள்ளிக்கூடம் இருக்கக்கூடாது.

"குழாய்க்குச் சாக்கு போட்டு மூடிரலாம். பள்ளிக்கூடத்தை?"

"தார்ப்பாய்."

ஊரில் நெல் மூடுகிற தார்ப்பாய்களையெல்லாம் சேர்த்துத் தைத்தார்கள். அருள்சாமி வாத்தியார், "எழுத்துப்பூர்வமா உத்தரவு உண்டா?" என்று கேட்டார். போனைக் காட்டினார்கள். தார்ப்பாயையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்த வாத்தியார் ஒத்துக்கொண்டார். அந்தக் கூரை ஒழுகுகிறது என்று அவர் மனுக் கொடுக்காத ஆபீஸ் இல்லை.

'ரேஷன்' என்று தொட்டபோது சிவப்புப் புள்ளி வீரணன் வீட்டு அடுப்பங்கரையில் வந்து நின்றது. கொட்டாங்காட்டுக்கு ரேஷன் கடை கிடையாது. அரிசி வாங்கவும் மேலப்பட்டிக்குத்தான் போக வேண்டும்.

"என் அடுப்பு மேல யாரு கடை போட்டா?" என்றாள் பொம்மக்காள்.

"கொஞ்ச நேரத்துக்குத்தான். அதிகாரி போனதும் மறுபடி அடுப்புதான்" என்றார் வீரணன்.

ஒரு தராசு கொண்டுவந்து வைத்தார்கள். அப்படியும் கடைக்களை வரவில்லை. ஒச்சப்பன் யோசித்து, 'ஸ்டாக் இல்லை' என்று ஒரு அட்டையில் எழுதி வாசலில் மாட்டினான். உடனே அது முழு ரேஷன் கடை ஆகிவிட்டது. வரிசையில் நிற்கலாமா என்றுகூட இரண்டொருவருக்குத் தோன்றியது.

எல்லாம் முடிந்தது என்று நினைத்த நேரத்தில் சீனிக்குட்டி ஒரு கேள்வி கேட்டான். அவனுக்குக் கேட்கும்போது அது பெரிதாகத் தெரியவில்லை.

"தலைவரே, நாம எந்த வகை?"

எல்லா வகைகளையும் தொட்டுப் பார்த்தார்கள். குழாய் இருந்தது, பள்ளி இருந்தது, இல்லாத ரேஷன் கடை இருந்தது. ஒரு வகையிலும் ஒரு ஆள் இல்லை.

"நாம என்னைக்குடா மேப்புல இருந்தோம்?" என்றார் வீரணன். அதைச் சொல்லும்போது அவருக்குக் கசந்தது. ஆனால் ஒழுங்கு ஒழுங்குதான். மேப்பில் இல்லாதவர்கள் தரையில் இருக்கக்கூடாது. அதிகாரி வரும் நாளில் ஊரில் ஒருவர் கண்ணில் பட்டாலும் தண்ணீர் போய்விடும். தண்ணீர் போனால் பொம்மக்காளும் போய்விடுவாள். "எல்லாரும் ஒளிஞ்சிரணும். ஆடு மாடு உட்பட" என்று தீர்மானம் நிறைவேற்றினார்.

அதிகாரி வந்தார். கையில் டேப்லெட், பக்கத்தில் ஜெனிட்டா. அவருக்கு ஒரு பழக்கம், தொடுவதை வாய்விட்டுச் சொல்வார். சீனிக்குட்டி கரைமேல் புளியமரத்தில் இலைகளுக்குள் உட்கார்ந்து, அதைக் கேட்டு விசில் ஊத வேண்டும் என்பது ஏற்பாடு. குடிநீருக்கு ஒரு விசில், பள்ளிக்கு இரண்டு, ரேஷனுக்கு மூன்று.

"குடிநீர்" என்றார் அதிகாரி. ஒரு விசில் கேட்டது. கண்மாய்க்குள் வைக்கோலுக்கு அடியிலிருந்து ஒரு கை நீண்டு குழாய் மேலிருந்த சாக்கை உருவிக்கொண்டு உள்ளே போனது. அது ஒச்சப்பனின் கை. அதிகாரி மேப்பைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். அவருடைய பதவிக்காலத்தில் முதல்முறையாகப் புள்ளியும் பொருளும் ஒரே இடத்தில் இருந்தன. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

ஜெனிட்டா மட்டும், "சார், இது போன வாரம் பள்ளிக்கூடத்துக்கிட்ட..." என்று ஆரம்பித்தார்.

"மேப்புல எங்க இருக்கு?"

"இங்கதான் சார்."

"அப்ப இங்கதான். அடுத்து, பள்ளி."

இரண்டு விசில். குழாய் சாக்குக்குள் போனது. ஊருக்குள் நின்ற ஒரு பெரிய தார்ப்பாய்க் குவியலை உள்ளேயிருந்து பிள்ளைகள் கயிறு கட்டி இழுக்க, பள்ளிக்கூடம் வெளியே வந்தது.

"இது இப்பத்தான் இருந்துச்சா?" என்று அதிகாரி கேட்டார்.

"மேப்புல எப்பவும் இருக்கு சார்."

"அதுதானே வேணும். ரேஷன்."

மூன்று விசில் கேட்க, வீரணன் வீட்டுக்கு வந்தார்கள். 'ஸ்டாக் இல்லை' என்ற அட்டையைப் பார்த்ததும் அதிகாரிக்குத் துளி சந்தேகமும் இல்லை. பேனாவைத் திறந்தார். திறந்தவர் சுற்றும்முற்றும் பார்த்தார்.

"எல்லாம் சரியா இருக்கு. ஆனா ஊர்ல ஒரு ஆள்கூட இல்லையே. ஆள் இல்லாத ஊருக்கு எதுக்குத் தண்ணி?"

"போன வாரம் இருந்தாங்க சார்."

"இப்ப இல்லையே. கேன்சல்தான் பண்ணணும்."

அந்த ரேஷன் கடையின் கட்டிலுக்கு அடியில் வீரணன் படுத்திருந்தார். வெளியே வந்தால் மேப்புக்கும் தரைக்கும் ஒத்துப் போகாது, தண்ணீர் போய்விடும். வராவிட்டால் ஆள் இல்லாத ஊர், அப்போதும் தண்ணீர் போய்விடும். அவர் படித்த எந்தத் துண்டறிக்கையிலும் இப்படி ஒரு நெருக்கடிக்கு வழி எழுதவில்லை. பொம்மக்காள் துணிமூட்டை கட்டுவது அவர் கண்முன்னால் வந்து நின்றது. அப்போதுதான் அவருக்கு ஒன்று தோன்றியது. குரல் தரையில் நிற்பதில்லை.

"சார், நாங்க இருக்கோம்" என்றார் கட்டிலுக்கு அடியிலிருந்து.

அதிகாரி தராசைப் பார்த்தார். "எங்க இருக்கீங்க?"

"மேப்புல சேத்தீங்கன்னா வந்துருவோம்."

அதிகாரி கோபப்படவில்லை. அவர் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து கேட்ட கோரிக்கைகளிலேயே இதுதான் அவருக்கு நியாயமாகப் பட்டது. "பயனாளிகள்னு ஒரு வகை போடுங்க" என்றார் ஜெனிட்டாவிடம். ஜெனிட்டா ஒவ்வொரு வீடாகப் போய் நின்று பெயர் கேட்டார். குதிருக்குள்ளிருந்தும் வைக்கோல் படப்புக்குள்ளிருந்தும் பெயர்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பச்சைப் புள்ளி வைத்தார். வீரணன் தன் பெயரைச் சொல்லிவிட்டு, "எஞ்சம்சாரம் பொம்மக்கா. அதுவும் இந்த வீடுதான்" என்று சேர்த்துச் சொன்னார். அந்த நேரம் பொம்மக்காள் மேலப்பட்டியில் குடத்தோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். இருந்தாலும் புள்ளி வீட்டில் விழுந்தது.

"பயனாளிகள்" என்றார் அதிகாரி. இதற்கு எத்தனை விசில் என்று சீனிக்குட்டிக்கு யாரும் சொல்லவில்லை. மூச்சு இருந்த மட்டும் ஊதினான். கட்டிலுக்கு அடியிலிருந்தும் குதிருக்குள்ளிருந்தும் குப்பைமேட்டுக்குப் பின்னாலிருந்தும் ஊர் எழுந்து வந்து நின்று, கைகூப்பியது.

அதிகாரி கையெழுத்துப் போட்டார். ஜீப்பில் ஏறும்போது, "எப்பவும் இதே மாதிரி இருக்கணும். மேலேருந்து யாரு எப்பப் பாப்பாங்கன்னு சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். ஜெனிட்டா ஏதோ விளக்கம் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது. அந்த மாதமே ஜெனிட்டாவை வேறு மாவட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். அவர் இடத்துக்கு இன்னும் யாரும் வரவில்லை.

ஆடி பிறந்ததும் தண்ணீர் வந்தது.

சீனிக்குட்டி 'குடிநீர்' என்று தொட்டான். சாக்கை எடுத்து, குழாயைத் திறந்துவிட்டு, ஒச்சப்பன் வைக்கோலுக்குள் ஒளிந்துகொண்டான். குழாய் கண்மாய்க்குள் கொட்டு கொட்டு என்று கொட்டியது. குடிநீரைத் தொட்டால் பயனாளிகள் மறைந்துவிடுவார்கள், ஆகவே ஊர் முழுக்கக் கட்டிலுக்கு அடியில் இருந்தது.

"தலைவரே, சத்தம் கேக்குதா?" என்றது ஒரு குதிர்.

"கேக்குதுடா" என்றார் வீரணன். கட்டிலுக்கு அடியில் அவர் அழுதுவிட்டார்.

பிறகு சீனிக்குட்டி 'பயனாளிகள்' என்று தொட்டான். ஊர் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியது. கண்மாய்க்குள் போய்ச் சேர்ந்தபோது குழாய் மூடியிருந்தது, அதன்மேல் சாக்கு இருந்தது. சாக்குக்கு முன்னால் ஒழுங்காக வரிசையில் நின்றார்கள். மறுபடி 'குடிநீர்' என்று விசில் கேட்டது. வரிசை கலைந்து வீட்டுக்கு ஓடியது. தண்ணீர் கொட்டியது.

குழு கூடி ஆராய்ந்தது. "மாத்தி மாத்தி வேகமாத் தொட்டா நடுவுல ஒரு சொம்பு பிடிச்சிரலாம்" என்றான் ஒச்சப்பன். சீனிக்குட்டி இரண்டு கட்டைவிரலாலும் தொட்டுப் பார்த்தான். ஊர் கண்மாய்க்கும் கட்டிலுக்குமாக ஓடி ஓடி நாக்குத் தள்ளியது. தாகம்தான் கூடியது.

பொம்மக்காள் மேலப்பட்டியிலிருந்து வந்து குடத்தை இறக்கினாள். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

"தண்ணி வந்துருச்சாம்ல?"

"வந்துருச்சு, பொம்மக்கா. வெற்றி."

"குடத்துல எப்ப வரும்?"

"அது வேற வகை."

அவள் கொண்டுவந்த தண்ணீரை அவருக்கு ஒரு சொம்பில் ஊற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். துணிமூட்டையைக் கட்டிக்கொண்டு அண்ணன் ஊருக்குப் போய்விட்டாள்.

வீரணன் வெளியே வந்து பார்த்தபோது வீடு வெறிச்சென்று இருந்தது. சீனிக்குட்டியைக் கூப்பிட்டுப் 'பயனாளிகள்' என்று தொடச் சொன்னார். வீட்டுக்கு மேல் பச்சைப் புள்ளிகள் வந்தன. ஒன்று வீரணன். பக்கத்திலேயே ஒன்று பொம்மக்காள். பெயரோடு இருந்தது.

வீரணன் நிம்மதியாகத் தின்பண்டம் வாங்கப் போனார். சண்டை போட்ட நாளில் அவளுக்குச் சீரணி மிட்டாய் வாங்கிவருவது வழக்கம்.

நாலைந்து நாள் கழித்து அவள் அண்ணன் தவசி வந்தார். பெரிய மனுஷர், நியாயம் பேசுகிறவர். வந்ததும் வாசலிலேயே ஆரம்பித்தார்.

"மாப்பிள்ளை, பொம்மக்கா அங்க வந்துருக்கு. கோவமா இருக்கு. நீங்க ஒரு வார்த்தை வந்து கூப்பிட்டா வந்துரும்."

"எங்க வந்துருக்கு?"

"எங்க வீட்டுலதான்."

"இருக்காதே மச்சான்" என்றார் வீரணன். சீனிக்குட்டியின் போனை வாங்கி அவர் கையில் கொடுத்தார். "பாருங்க. பேர் போட்டுருக்கு. இங்கதான் இருக்கா."

தவசி போனை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். தள்ளி வைத்தும் பார்த்தார். பச்சைப் புள்ளி அசையவில்லை. அரசாங்க முத்திரை வேறு ஓரத்தில் இருந்தது. அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

"அப்ப எங்க வீட்டு அடுப்பங்கரையில சோறு ஆக்கிக்கிட்டு இருக்கிறது யாரு?"

"எனக்கெப்படித் தெரியும்? போயி விசாரிங்க மச்சான். காலம் கெட்டுக் கெடக்கு."

தவசி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவசர அவசரமாக ஊருக்கு நடந்தார். பாதி வழியில் நின்று யோசித்து, ஒத்தாசைக்கு ஆள் கூட்டிக்கொண்டு போவது நல்லது என்று திரும்பி வந்தார். வீரணன் போராட்டக் குழுவையே திரட்டி அவரோடு அனுப்பிவைத்தார். தான் போகவில்லை. பொம்மக்காளை வீட்டில் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது?